படைத்துறை ஆவணங்கள் வழிக் குடும்ப வரலாற்று ஆய்வு

படைத்துறை ஆவணங்கள் வழிக் குடும்ப வரலாற்று ஆய்வு என்பது, படைகளில் பணியாற்றிய முன்னோரைப் பற்றி அரசுகள் எழுதிவைத்த ஏடுகளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் கடந்த காலத்தை அறியும் முயற்சி ஆகும். படையில் சேர்ந்த நாள், பணியாற்றிய களம், பட்ட காயம், பெற்ற பதக்கம், ஓய்வூதியம், இறப்பு, அடக்கம் ஆகியவை பற்றிய பதிவுகள் இவ்வேடுகளில் காணப்படுகின்றன. 1990களின் இறுதி வரை இவற்றைக் காண விரும்பியவர் இலண்டன், கான்பரா, ஒட்டாவா போன்ற நகரங்களில் உள்ள ஆவணக் காப்பகங்களுக்கு நேரில் செல்லவேண்டியிருந்தது. அதன் பின்னர் இவற்றுள் பெரும்பகுதி படியெடுக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இக்கட்டுரை முதன்மையாக முதலாம் உலகப் போரில் (1914–1918) பிரித்தானியப் படையிலும், அதன் ஆணையின் கீழ்ப் போரிட்ட இந்தியப் படையிலும் பணியாற்றியோரின் ஆவணங்களை எடுத்துக்கொள்கின்றது. தேடத் தொடங்குபவர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. ஒருவரது பெயர் இணையத்தில் கிடைக்கவில்லை என்பது அவர் படையில் இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. எந்த ஏடு எழுதப்பட்டது, எது எரிந்து போனது, எவருடைய பெயரை எழுதத் தேவையில்லை என்று அதிகாரிகள் கருதினர் என்பவற்றைப் பொறுத்தே தேடலின் பயன் அமைகின்றது.

படைத்துறை ஆவணங்களின் தனிச்சிறப்பு

நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஏழைத் தொழிலாளியைப் பற்றி அரசு ஏடுகளில் பொதுவாக எஞ்சியிருப்பவை மூன்று வரிகளே: பிறப்பு, திருமணம், இறப்பு. அவரே படையில் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. பிரித்தானியப் படையின் சேர்ப்புப் படிவத்தில் அவரது உயரம், மார்பளவு, கண்ணின் நிறம், உடலில் உள்ள தழும்பு, முன்னர் செய்த தொழில், நெருங்கிய உறவினரின் பெயர், முகவரி ஆகியவை எழுதப்பட்டன. ஒளிப்படம் ஒன்றும் எஞ்சாத குடும்பத்திற்கு இப்படிவமே தாத்தாவின் தோற்றத்தைக் காட்டும் ஒரே சான்றாக இருப்பதுண்டு. அடியில் உள்ள கையொப்பம், அல்லது கையொப்பத்திற்குப் பதிலாக இடப்பட்ட குறி, அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவரா என்பதையும் சொல்லிவிடும்.

தேடல் கணினியில் அன்றி வீட்டுப் பெட்டியில் தொடங்குவதே நல்லது. முதலாம் உலகப் போருக்காக வழங்கப்பட்ட வட்டப் பதக்கங்களின் விளிம்பிலும், விண்மீன் வடிவப் பதக்கங்களின் பின்புறத்திலும் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். எளிதில் கண்ணிற்படாத இவ்வரி, ஓர் ஆண்டுக்காலத் தேடலை ஒரே நாளில் முடித்துவைக்கக் கூடும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினருக்கு வழங்கிய பதக்கங்களில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. ஆகவே அவற்றைக் கொண்டு ஆளை அடையாளம் காண இயலாது. தொப்பியில் உள்ள சின்னத்தைக் காட்டும் ஒளிப்படம், களத்திலிருந்து வந்த அஞ்சலட்டை, ஓய்வூதியத் தாள் ஆகியவையும் பயன்படுவன.

எரிந்த ஆவணங்கள்

முதலாம் உலகப் போரில் பணியாற்றிய பிரித்தானியச் சிப்பாய்களின் பணிக் கோப்புகள் இலண்டனின் ஆர்ன்சைடு தெருவில் இருந்த போர்த்துறைக் கிடங்கில் வைக்கப்பட்டிருந்தன. 1940 செப்டம்பரில் செருமானிய வானூர்திகள் வீசிய குண்டுகளால் அக்கிடங்கு தீப்பற்றியது. கோப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை அழிந்தன. ஒரு போரின் ஆவணங்களை அடுத்த போர் தின்றுவிட்டது எனலாம். தீயிலிருந்தும், தீயணைக்கப் பாய்ச்சிய நீரிலிருந்தும் தப்பியவை சுமார் 28 இலட்சம் கோப்புகள் என மதிப்பிடப்படுகின்றது. ஐக்கிய இராச்சியத்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 363 என்னும் வரிசை எண்ணுடன் உள்ள இவை இன்றும் 'எரிந்த ஆவணங்கள்' என்றே அழைக்கப்படுகின்றன. தாள்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தமையால் 1990களில் இவற்றை நுண்படச் சுருள்களில் படமெடுத்தனர். இணையத்தில் இன்று காணக் கிடைப்பவை அப்படங்களின் படிகளே. ஓரங்கள் கருகி, நடுவில் நான்கு வரி மட்டும் எஞ்சிய தாள்களும் இவற்றுள் பல உண்டு.

ஓய்வூதியம் தொடர்பாக வேறோர் இடத்தில் இருந்த கோப்புகள் தீக்கு இரையாகவில்லை. டபிள்யூஓ 364 என்னும் வரிசையில் உள்ள இவை 'எரியாத ஆவணங்கள்' எனப்படும். இவை பெரும்பாலும் காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்கு உரியவை. எனவே காயமின்றி வீடு திரும்பியவரின் கோப்பு கிடைப்பதைவிட, கால் இழந்து திரும்பியவரின் கோப்பு கிடைக்க வாய்ப்பு மிகுதி. அதிகாரிகளின் முதன்மைக் கோப்புகளும் அதே தீயில் அழிந்தன. அவர்கள் தொடர்பான கடிதக் கோப்புகளே டபிள்யூஓ 339, டபிள்யூஓ 374 ஆகிய வரிசைகளில் எஞ்சியுள்ளன.

அமெரிக்காவிலும் இத்தகைய இழப்பு நேர்ந்துள்ளது. 1973 சூலை 12 அன்று செயின்ட் லூயிசு நகரில் உள்ள படையினர் ஆவண நடுவத்தில் ஏற்பட்ட தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 சனவரி வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இதில் மறைந்தது. அவற்றுக்குப் படிகளோ முழுமையான அட்டவணையோ இல்லாமையால், என்ன போயிற்று என்பதைக் கூட ஆள்வாரியாகச் சொல்ல இயலவில்லை. செருமனியில் பிரசியப் படையின் ஆவணக் காப்பகம் 1945 ஏப்ரலில் பொட்சுடாம் நகர் குண்டுவீச்சில் அழிந்தது. அங்கு எஞ்சிய அச்சிட்ட இழப்புப் பட்டியல்களை வம்சாவளி ஆர்வலர்கள் பெயர் பெயராகத் தட்டச்சு செய்து, 2014 அளவில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்ட ஒரு தரவுத்தளத்தை உருவாக்கினர். ஊதியம் பெறாதோர் செய்த பணிகளுள் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

பதக்க அட்டையைப் படித்தல்

கோப்பு எரிந்துவிட்டால் அடுத்துப் பார்க்கவேண்டியது பதக்க அட்டை. போர் முடிந்தபின் பதக்கம் பெறத் தகுதி உடையோரைக் கணக்கிடுவதற்காக ஆளுக்கு ஓர் அட்டை எழுதப்பட்டது. டபிள்யூஓ 372 வரிசையில் உள்ள இவ்வட்டைகள் ஏறத்தாழ 50 இலட்சம். இந்தியப் படையினர் சிலரது அட்டைகளும் இவற்றுள் உண்டு. பார்வைக்கு இவை வறட்சியானவை: பெயர், எண், பதவி, படைப்பிரிவு, சில குறியீடுகள் ஆகியவையே இருக்கும். ஆயினும் படிக்கத் தெரிந்தவருக்கு இவை நிறையச் சொல்லும்.

1914 விண்மீன் என்னும் பதக்கம் 1914 ஆகத்து 5 முதல் நவம்பர் 22 வரை பிரான்சிலோ பெல்சியத்திலோ பணியாற்றியோருக்கு உரியது. 1914–15 விண்மீன், 1915 இறுதிக்குள் ஏதேனும் ஒரு போர்க்களத்தை அடைந்த பிறருக்கு உரியது. எனவே அட்டையில் விண்மீன் எதுவும் இன்றிப் பிரித்தானியப் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அவர் 1916 அல்லது அதற்குப் பின்னரே களத்திற்குச் சென்றார் என்று கொள்ளலாம். தாத்தா 1914 இலேயே பிரான்சுக்குப் போனார் என்று குடும்பத்தில் சொல்லப்படும் கதை இவ்வொரு குறியீட்டில் உடைந்துவிடுவது உண்டு. போர்க்காலம் முழுவதும் பிரித்தானியாவிலேயே காவற்பணி செய்தவருக்கு இப்பதக்கங்கள் இல்லை. ஆகவே அவருக்கு அட்டை இல்லாதிருப்பதே இயல்பு.

எண்களிலும் குழப்பம் நேர்வதுண்டு. போரின் பெரும்பகுதியில் ஒவ்வொரு படைப்பிரிவும் தானே எண் வழங்கியது. ஒரே எண்ணை வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்த பலர் கொண்டிருந்தனர். பிரிவு மாறினால் எண்ணும் மாறியது. 1917 இல் துணைநிலைப் படையினருக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்டன. படை முழுமைக்குமான தனி எண் முறை 1920 இலேயே வந்தது. ஆகவே எண்ணை மட்டும் கொண்டு ஆளை முடிவு செய்தல் கூடாது. எண், பெயர், பிரிவு மூன்றும் பொருந்துகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும்.

இவ்வட்டைகளின் மூலப்படிகள் 2005 இல் அழிக்கப்படவிருந்தபோது, மேற்கு முனைச் சங்கம் என்னும் தன்னார்வ அமைப்பு அவற்றைப் பெற்றுக் காத்தது. 2012 இல் அதே அமைப்பு 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஓய்வூதிய அட்டைகளையும் பொறுப்பேற்றது. கைம்பெண்கள், பிள்ளைகள், சார்ந்திருந்த பெற்றோர் ஆகியோரின் பெயர்கள் இவ்வோய்வூதிய அட்டைகளில் காணப்படுவதால், குடும்ப வரலாற்றுக்குப் பதக்க அட்டையைவிட இவை பயன் மிக்கவை.

போர் நாட்குறிப்புகள்

ஒவ்வொரு பட்டாலியனும் களத்தில் நாள்தோறும் நிகழ்ந்தவற்றை எழுதிவைத்தது. டபிள்யூஓ 95 வரிசையில் உள்ள இக்குறிப்புகள் 2014 சனவரி முதல் இணையத்தில் வெளியிடப்பட்டன. பிரான்சில் போரிட்ட இந்தியப் படையணிகள், மெசொப்பொத்தேமியா, கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய களங்களின் குறிப்புகளும் இவற்றுள் அடங்கும். இவற்றில் அதிகாரிகளின் பெயர்கள் இருக்கும். சிப்பாய்கள் பெரும்பாலும் 'இறந்தோர் 4, காயமுற்றோர் 11' என்னும் எண்ணிக்கையாகவே வருவர். முன்னோரின் பெயரை இங்கே தேடிப் பயனில்லை. அவர் காயமுற்ற நாள் வேறோர் ஆவணத்தில் தெரிந்திருந்தால், அந்நாளில் அவரது பட்டாலியன் எங்கே நின்றது, மழை பெய்ததா, எதிரியின் சுடுதல் எவ்வாறு இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஒரு கல்லறையும் ஓர் எழுத்தும்

போரில் இறந்தோரைத் தேடுவதற்கு முதன்மையான இடம் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தரவுத்தளம் ஆகும். இவ்வாணையம் 1917 மே 21 அன்று பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணையம் என்னும் பெயரில் நிறுவப்பட்டது. 1960 இல் இன்றைய பெயரைப் பெற்றது. இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரை நினைவுகூரும் பொறுப்பு இதனுடையது. பெயர்ப் பட்டியல் 1998 இல் இணையத்தில் வைக்கப்பட்டது. பின்னர் அடக்கப் பதிவுத் தாள்கள், கல்லறை மாற்றப் பதிவுகள், நடுகல் வாசகப் பட்டியல்கள் ஆகியவற்றின் படங்களும் சேர்க்கப்பட்டன.

இத்தாள்கள் எவ்வளவு முக்கியமானவை என்பதற்கு ஆங்கில எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜான் கிப்ளிங்கின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. கண்பார்வைக் குறைவால் படையில் ஏற்கப்படாத ஜானை, தந்தையே தம் செல்வாக்கைப் பயன்படுத்தி ஐரிசுக் காவற்படையில் அதிகாரியாகச் சேர்த்தார். 1915 செப்டம்பர் 27 அன்று பிரான்சில் லூசு போர்க்களத்தில் ஜான் காணாமற் போனார். அப்போது அவருக்கு வயது 18. தந்தை பல ஆண்டுகள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. பெயர் அறியப்படாத வீரரின் நடுகற்களில் பொறிக்கப்படும் வாசகத்தை ஆணையத்துக்காகத் தெரிந்தெடுத்தவர் அவரே. 1936 இல் அவர் இறந்தபோதும் மகனின் கல்லறை எதுவென்று தெரிந்திருக்கவில்லை.

லூசுக்கு அருகிலுள்ள செயின்ட் மேரி கல்லறையில் 'ஐரிசுக் காவற்படையின் பெயர் அறியப்படாத லெப்டினன்ட் ஒருவர்' என்று குறிக்கப்பட்ட நடுகல் ஒன்று இருந்தது. 1919 இல் போர்க்களத்தைத் துப்புரவு செய்தபோது கிடைத்த உடல் அது. 1992 இல் ஆணையம் தன் ஏடுகளை ஆராய்ந்து, இது ஜான் கிப்ளிங்கின் கல்லறை என்று முடிவு செய்து, பெயரையும் பொறித்தது. இதனை மறுத்தவர்கள் இரண்டு காரணங்கள் காட்டினர். ஒன்று, இறந்தபோது ஜான் இரண்டாம் லெப்டினன்ட் பதவியில் இருந்தார், உடலில் இருந்ததோ லெப்டினன்ட் பதவிச் சின்னம். மற்றொன்று, உடல் எடுக்கப்பட்டதாகப் பதிவில் உள்ள வரைபடக் கட்டம், அவர் கடைசியாகக் காணப்பட்ட இடத்திலிருந்து வெகு தொலைவில் இருந்தது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் இரண்டுக்கும் ஆவணங்களிலிருந்தே விடை கண்டனர். ஜானின் பதவி உயர்வு அரசிதழில் அவர் இறந்தபின் 1915 நவம்பரிலேயே வெளிவந்தது, ஆயினும் அது அவ்வாண்டு சூன் முதல் செல்லத்தக்கது. கட்டக் குறியீட்டில் ஓர் எழுத்து பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்றும், அதைத் திருத்தினால் அக்கட்டம் அவர் விழுந்த இடத்தின் அருகே வருகின்றது என்றும் அவர்கள் காட்டினர். ஆணையமும் தன் முடிவை மாற்றவில்லை. எழுத்தர் ஒருவரின் கை தவறியதால் ஒரு தந்தை தம் மகனின் கல்லறையை அறியாமலே இறந்தார் என்று கூறுவது மிகையாகலாம். அந்த எழுத்து அடையாளங்காணலைக் கடினமாக்கியது என்பதில் ஐயமில்லை.

இந்தியப் படையினர்

முதலாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். 74,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர்களுள் சிப்பாய்களின் பணிக் கோப்புகள் இலண்டனில் வைக்கப்படவில்லை. அவை அந்தந்தப் படைப்பிரிவின் தலைமையிடங்களில் இருந்தன. 1947 இற்குப் பின் இந்திய, பாக்கித்தான் படைகளோடு தங்கிவிட்டன. இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் மிகுதியாகக் காணப்படுவோர் ஐரோப்பிய அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். எனவே மதுரையிலோ வேலூரிலோ இருந்து சேர்ந்த ஒரு சிப்பாயின் பேரன், தன் தாத்தாவின் ஆங்கிலேய அதிகாரி பிறந்த நாளையும் மணம் முடித்த நாளையும் இணையத்தில் சில நிமிடங்களில் அறியலாம். தாத்தாவைப் பற்றி ஒரு வரி கிடைப்பதே அரிது.

நினைவுச் சின்னங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. பிரான்சில் நோவ் சப்பல் என்னும் இடத்தில் 1927 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத 4,700 இற்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஈராக்கில் உள்ள பசுரா நினைவுச் சின்னம் 40,000 இற்கும் மேற்பட்டோருக்கு உரியது. அங்கே அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் தத்தம் படைப்பிரிவின் பெயருக்குக் கீழ் வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். தமிழகச் சிற்றூர்கள் சிலவற்றில் காணப்படும் சலவைக்கல் பலகைகளும் இவ்வாறே. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று மட்டுமே அவை சொல்லும். அந்த இத்தனை பேர் யாவர் என்பதை ஊரார் நினைவில் வைத்திருந்தால் உண்டு.

2019 இல் வெளியான ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் இச்சிக்கலைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அதனைத் தொடர்ந்து ஆணையம் அமைத்த குழு 2021 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. முதலாம் உலகப் போரில் இறந்த 45,000 முதல் 54,000 வரையான ஆசிய, ஆப்பிரிக்கப் படையினர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அவ்வறிக்கை கூறியது. இப்பெருந்தொகையினர் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், அவர்களுள்ளும் சுமை தூக்கிய தொழிலாளருமே. ஆணையமும் ஐக்கிய இராச்சிய அரசும் மன்னிப்புக் கோரின. பெயர்களைத் தேடிச் சேர்க்கும் பணி அதன்பின் தொடங்கப்பட்டது.

பஞ்சாபுக்கு மட்டும் ஒரு நற்பேறு வாய்த்தது. போர் முடிந்தவுடன் பஞ்சாப் அரசு ஊர் ஊராகப் போருக்குச் சென்றோரின் பெயர், தந்தை பெயர், பணி ஆகியவற்றைத் தொகுத்திருந்தது. சுமார் 26,000 பக்கங்களில் 3,20,000 பேரைப் பற்றிய இப்பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தன. பிரித்தானியாவில் உள்ள பஞ்சாப் மரபுரிமைச் சங்கமும் கிரீனிச்சுப் பல்கலைக்கழகமும் இவற்றைப் படியெடுத்து, சலந்தர், லூதியானா, சியால்கோட்டு ஆகிய மூன்று மாவட்டங்களின் பதிவுகளை முதற்கட்டமாக 2021 நவம்பரில் இணையத்தில் வெளியிட்டன.

தமிழ்ப் பெயர்களைத் தேடுதல்

மதராசு மாகாணத்திலிருந்து மதராசு சுரங்கப் படையினர், பயனியர் படையினர், காலாட்படையினர் எனப் பலர் பல களங்களுக்குச் சென்றனர். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் நடந்த போரில் 61ஆம் பயனியர் பிரிவும், பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் இலகு காலாட்படையும் பங்குகொண்டன. நெல்லைச் சீமையில் ஒரு குடும்பம் 'ஆப்பிரிக்காவுக்குப் போன தாத்தா' என்று யாரையேனும் சொல்லிவந்தால், அதை வாய்க்கதை என்று தள்ளிவிடல் ஆகாது.

கல்லறைகள் ஆணையத்தின் தரவுத்தளத்தில் இவர்களைத் தேடும்போது பெயரே முதல் தடையாக நிற்கின்றது. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. படைவீரரின் ஒற்றைப் பெயரே குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் இடப்பட்டிருக்கும். அப்பெயரும் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. முத்துசாமி என்னும் பெயர் 'முட்டுசாமி', 'மூத்தூசாவ்மி', 'முத்துஸ்வாமி' என வாசிக்கத்தக்க வடிவங்களில் வரலாம். முழுப்பெயரை இட்டுத் தேடாமல் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் இட்டு, படைப்பிரிவின் பெயரையும் சேர்த்துத் தேடுவது பயன் தரும். 'கூடுதல் தகவல்' என்னும் பகுதியில், தகவல் கிடைத்தவர்களுக்கு, 'இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம்' என்று எழுதப்பட்டிருக்கும். அதில் தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ இட்டும் தேடலாம். அப்போது ஊர்களின் அக்கால ஆங்கில வடிவங்களைப் பயன்படுத்தல் வேண்டும். தஞ்சாவூரைத் 'தாஞ்சூர்' என்றும், திருச்சிராப்பள்ளியைத் 'டிரிச்சினாபொலி' என்றும், திருநெல்வேலியைத் 'டின்னவெல்லி' என்றும், இராமநாதபுரத்தை 'ராம்நாட்' என்றும் தேடவேண்டும். வேலூர்ப் பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

தரவுத்தளத்தில் 'மதராசு 1914–1918 போர் நினைவுச் சின்னம்' என்று குறிப்பு இருந்தால், அது சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையில் அமைந்தது. பராமரிக்க இயலாத கல்லறைகளில் அடக்கம் செய்யப்பட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் அங்கே புதைக்கப்பட்டவர் அல்லர்.

இணையத்தில் ஒன்றும் கிடைக்காதபோது, படைப்பிரிவின் வழித்தோன்றலாக இன்று உள்ள அமைப்புக்கு எழுதுவது ஒரு வழி. மதராசு சுரங்கப் படையின் மரபு பெங்களூரில் உள்ள மதராசு பொறியாளர் குழுமத்திலும், காலாட்படையின் மரபு நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராசு படைப்பிரிவு மையத்திலும் தொடர்கின்றது. ஆனால் 1920களில் மதராசுக் காலாட்படைப் பிரிவுகள் பல கலைக்கப்பட்டன. அவற்றில் இருந்தோரைத் தேடுவது மேலும் கடினம்.

புதுச்சேரி, காரைக்கால் பகுதியினர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியமையால் அவர்களுக்குத் தேடல் வேறு திசையில் செல்லும். பிரான்சிய பாதுகாப்பு அமைச்சின் 'மனிதர்களின் நினைவு' என்னும் பொருள்படும் தளத்தில், முதலாம் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்த 13 இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் அட்டைகள் உள்ளன. பிறந்த இடமும் அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். எக்சு ஆன் புரோவான்சு நகரில் உள்ள கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் ஆவணக் காப்பகம், பிரெஞ்சு இந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளையும் இணையத்தில் வைத்துள்ளது. இரண்டையும் ஒப்பிட இயல்வதால், புதுச்சேரிக் குடும்பத்தின் தேடல் கடலூர்க் குடும்பத்தின் தேடலைவிட எளிதாக அமைவதுண்டு.

பிற நாடுகளின் தொகுப்புகள்

ஆசுத்திரேலியாவின் தேசிய ஆவணக் காப்பகம் முதலாம் உலகப் போரில் பணியாற்றிய சுமார் 3,76,000 பேரின் முழுக் கோப்புகளையும் படியெடுத்துக் கட்டணமின்றி அளிக்கின்றது. கனடா தன் 6,20,000 இற்கும் மேற்பட்ட கோப்புகளைப் படியெடுக்கும் பணியை 2018 இல் நிறைவு செய்தது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, முதலாம் உலகப் போரின் கைதிகளைப் பற்றிய ஏறத்தாழ 70 இலட்சம் அட்டைகளை 2014 இல் இணையத்தில் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரையும் அதன் பின்னரையும் சேர்ந்த பிரித்தானியப் படையினரின் 97 இலட்சம் கோப்புகள் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சிலிருந்து தேசிய ஆவணக் காப்பகத்திற்குப் படிப்படியாக மாற்றப்பட்டு வருகின்றன.

பிழைகளும் எதிர்பாராச் செய்திகளும்

கட்டணத் தளங்களில் பலர் வெளியிட்டுள்ள வம்சாவளிகளில் பெயர் ஒப்புமை ஒன்றையே நம்பி அயலாரைத் தாத்தாவாக ஏற்றுக்கொண்டவை மிகுதி. ஒன்றையொன்று சாராத இரு சான்றுகளேனும் பொருந்தும் வரை ஒருவரைக் குடும்ப மரத்தில் சேர்க்காதிருப்பதே முறை. ஆவணமும் பொய் சொல்லும். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த சிறுவர் பலர். சிட்னி லூயிசு என்பவர் 1915 ஆகத்தில் 12 வயதில் பிரித்தானியப் படையில் சேர்ந்து, மறு ஆண்டு சோம் களத்தில் போரிட்டார். தாய் பிறப்புச் சான்றிதழை அனுப்பிய பின்னரே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். குடும்பத்தினர் காத்த தாள்களைக் கொண்டு 2013 இலேயே இது உறுதி செய்யப்பட்டது.

கோப்பைத் திறப்பவர் எதிர்பாராதவற்றையும் காண நேரலாம். மருத்துவக் குறிப்புகள், தண்டனைகள், வீட்டாருக்குத் தெரியாத திருமணங்கள் ஆகியவை அதில் இருக்கும். முதலாம் உலகப் போரில் களத்தை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு ஐக்கிய இராச்சியம் 2006 இல் மன்னிப்பு வழங்கியது. அதுவரை அவர்களுள் பலரது பெயர் வீட்டில் பேசப்படாமலே இருந்தது.

எந்த ஏட்டிலும் இல்லாதோர்

படைத்துறை ஆவணம் படையினருக்கு மட்டுமே உரியது. 1942–43 இல் சப்பானியர் சியாம்–பர்மா தொடருந்துப் பாதையை அமைத்தபோது, 60,000 இற்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளை வேலைக்கு அமர்த்தினர். அவர்களுள் 12,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோரின் பெயர், எண், படைப்பிரிவு, கல்லறை வரிசை ஆகியவற்றை அவர்தம் தோழர்களே மறைவாக எழுதிவைத்தனர். இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் எவரும் அவற்றை நேரிலும் இணையத்திலும் காணலாம். அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்றும், அவர்களுள் இறந்தோர் சுமார் 90,000 பேர் என்றும் மதிப்பிடப்படுகின்றது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் இவர்களுள் அடங்குவர். இவர்கள் எந்தப் படையிலும் சேராதவர் ஆகையால் படையினருக்கு உள்ளதைப் போன்ற பெயர்ப்பட்டியல் இவர்களுக்கு இல்லை. இவர்களைத் தேடும் குடும்பத்தினர் தோட்டக் கணக்கேடுகளையும், கப்பற் பயணப் பதிவுகளையும், உயிருடன் திரும்பியோர் சொல்லிச் சென்றவற்றையும் கொண்டே தொடங்க வேண்டியுள்ளது. திரும்பியோருள் இன்று உயிருடன் இருப்போர் மிகச் சிலரே.